வெள்ளை ஸ்கூட்டியே சாட்சி: கொடை வீடியோவுக்கு வந்த மூன்று கிளைம்கள்

வாசகர் கடிதம்

நாங்குநேரி வட்டாரத்திலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர், சேனல் அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பகலில் செல்போன் சர்வீஸ் கடை. கொடைக் காலம், அதாவது ஊர்க் கோயில்களின் திருவிழாக் காலம், வந்துவிட்டால் ராத்திரியில் கேமராவும் ஸ்டாண்டுமாகக் கிளம்பிவிடுவார். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று எந்தக் கோயிலில் கொடை நடந்தாலும் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம் எல்லாவற்றையும் முழு நீளத்துக்கு எடுத்து யூடியூபில் போடுகிறார். ஆறு வருடத்தில் 43,000 சப்ஸ்கிரைபர்கள். பார்ப்பவர்களில் பாதிப்பேர் துபாய், மஸ்கட், மும்பை, சென்னை என்று வெளியூரில் இருக்கும் நம் பக்கத்துக்காரர்கள். மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வரும்.

2023 ஆடியில் ஓர் அம்மன் கோயில் கொடையில் எடுத்த ஒன்றே முக்கால் மணி நேர வீடியோவைத்தான் அவர் சேனலில் அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். 12 நாட்களுக்கு முன் அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் மூன்று காப்பிரைட் கிளைம், அதாவது 'இது எங்களுடையது' என்ற உரிமை கோரல், வந்திருக்கிறது. முதலாவது, 38 நிமிட வில்லுப்பாட்டுக்கு. ஒரு மியூசிக் கம்பெனி 2024இல் வெளியிட்ட பக்தி ஆல்பத்தோடு ஒத்துப்போகிறதாம். விளம்பர வருமானம் அவர்களுக்கு. இரண்டாவது, வில்லுப்பாட்டுக்கு நடுவே இடைவேளையில் ரேடியோ செட்டில், அதாவது பந்தல் ஒலிபெருக்கியில், ஓடிய சினிமாப் பாட்டு, இரண்டு நிமிடம் நாற்பது நொடி. இதனால் சில வெளிநாடுகளில் வீடியோவே தெரியவில்லை. மூன்றாவது, நையாண்டி மேளக்காரர் நாயனத்தில் வாசித்த ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு.

இதோடு நிற்கவில்லை. கம்பெனியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வாட்ஸப்பில் அழைத்து, 25,000 ரூபாய் அனுப்பினால் கிளைமை எடுப்பதாகவும், இல்லையென்றால் ஸ்ட்ரைக் போட்டு சேனலையே காலி செய்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் அவர் சொற்களிலேயே தருகிறேன்: "அந்த ஆல்பத்தப் போட்டுக் கேட்டேன் வக்கீல் அண்ணாச்சி. அச்சு அசலா அதே குரல், அதே குடம். நடுவுல கமிட்டிக்காரர் மைக்குல 'வெள்ளை ஸ்கூட்டிய பந்தலுக்கு முன்னால நிறுத்தினவங்க உடனே வந்து எடுங்க'ன்னு சொல்றது கூட அப்படியே இருக்கு. இவ்வளவு ஒத்துப்போனா நான் தோத்துருவேன்லா? வீடியோவ டெலீட் பண்ணிட்டு ரூவாயக் கட்டிரட்டா? இல்ல, அவனுவளப் பத்தி ஒரு வீடியோ போட்டு நாறடிச்சிரட்டா? ஜெயிலுக்குப் போவணுமா?"

பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வேகமாக. இரண்டாம் தடவை அந்த வெள்ளை ஸ்கூட்டியிடம் வந்ததும் நின்றுவிட்டேன். நீங்கள் எதைக் கண்டு பயப்படுகிறீர்களோ, அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி. ஒரு கம்பெனி ஸ்டுடியோவில் பதிவு செய்த பக்தி ஆல்பத்துக்குள், உங்கள் ஊர்க் கொடைப் பந்தலுக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டி எப்படி வந்தது? 2023 ஆடியில் நீங்கள் எடுத்த சத்தத்தை யாரோ உருவி, 2024இல் ஆல்பமாக்கியிருக்கிறார்கள். இப்போது அந்த ஆல்பத்தை வைத்து உங்கள் வீடியோவையே பிடித்திருக்கிறது மெஷின். வீட்டுக்காரனைத் திருடன் என்று பிடித்த கதை.

டெலீட் செய்ய வேண்டாம். பணம் கட்ட வேண்டாம். அவர்களைத் திட்டி வீடியோவும் வேண்டாம். கிளைம் வந்ததற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று கிளைமும் ஒரே வீடியோவுக்கு வந்திருந்தாலும் மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒன்றில் நீங்கள் சண்டை போட வேண்டும். ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டும். இன்னொன்றைச் சண்டை போடாமல் தனி வீடியோவாகப் பிரித்துவிடலாம்.

கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு

உங்களுக்கு வந்திருப்பது கன்டென்ட் ஐடி கிளைம். யூடியூப் 2007இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பாட்டுக் கம்பெனிகளும் சினிமாக் கம்பெனிகளும் தங்கள் ஒலி, ஒளிப் பதிவுகளைக் கொடுத்து வைப்பார்கள். மெஷின் ஒவ்வொன்றிலிருந்தும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஏறும் வீடியோ, ஏற்கெனவே கிடக்கும் வீடியோ எல்லாவற்றோடும் ஒப்பிடும். அதனால்தான் 2023இல் போட்டதற்கு இப்போது வந்திருக்கிறது. ஒத்துப்போனால் மூன்றில் ஒன்று நடக்கும்: வீடியோவை மறைக்கலாம், விளம்பர வருமானத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மெஷினுக்குத் தெரிந்தது இரண்டு சத்தமும் ஒன்றா, இல்லையா என்பது மட்டும்தான். எது முந்தி, எது பிந்தி, யார் அனுமதி வாங்கினார், வில்லுப்பாட்டைத் தலைமையேற்றுப் பாடும் அண்ணாவி யாரிடம் என்ன சொன்னார், இதெல்லாம் அதற்குத் தெரியாது. யார் முதலில் பதிவைக் கொடுத்தாரோ அவரை உரிமையாளர் என்று நம்பிவிடும். ஆஸ்திரேலியாவில் ஓர் இசைக்கலைஞர் பத்து மணி நேரத்துக்கு வெறும் இரைச்சலை, அதாவது டிவியில் படம் வராதபோது 'ஸ்ஸ்' என்று கேட்குமே அந்த மாதிரிச் சத்தத்தை, தானே உருவாக்கிப் போட்டிருந்தார். அதற்கு ஐந்து கிளைம் வந்ததாக 2018இல் செய்தி வந்தது. அரிசோனாவில் இருவர் தங்களுக்குச் சொந்தமில்லாத லத்தீன் பாட்டுகளைத் தங்களுடையவை என்று சொல்லியே 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார்கள். 2021இல் அவர்கள் மேல் குற்றச்சாட்டுப் பதிவானது. அங்கேயே அப்படியென்றால் நம்மூர் வில்லுப்பாட்டை யார் கண்டார்.

ஆக, கிளைம் என்பது தீர்ப்பு இல்லை. அதனால் சேனலுக்குக் கெட்ட பெயரும் இல்லை. ஸ்ட்ரைக் என்பதுதான் வேறு சமாச்சாரம். உரிமையாளர் என்று சொல்பவர் முறைப்படி, சட்டப் பொறுப்போடு, வீடியோவையே நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் வருவது அது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் ஆனால் சேனல் போகலாம். உங்களுக்கு இதுவரை ஒன்றுகூட இல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் தெளிவாகவே தெரிகிறது.

இன்னொன்று. பலரும் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். சட்டத் தமிழில் காப்புரிமை என்றால் பேட்டன்ட், இது பதிப்புரிமை. நாளைக்கு நோட்டீஸ் கீட்டீஸ் அனுப்பினால் அந்தச் சொல்லைப் போடுங்கள்.

வில்லுப்பாட்டு: இதை விடாதீர்கள்

பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. தயாரித்தவர் என்றால் முன்கை எடுத்து, பொறுப்பேற்றுப் பதிவு செய்தவர். ராத்திரி பதினொன்றரைக்கு மைக்கை மாட்டிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தது நீங்கள். எனவே அந்தப் பதிவு உங்களுடையது. "நான் ரிஜிஸ்டர் பண்ணலையே" என்று கேட்டிருக்கிறீர்கள். ரிஜிஸ்டர் செய்தால்தான் உரிமை என்று நம் சட்டத்தில் இல்லை. ரிஜிஸ்டர் செய்துகொள்வது உரிமையை நிறுவுவதற்கு ஒரு வசதி, அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதை நீங்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை. "கோயில் கமிட்டியிடம் கேட்டுத்தான் எடுத்தேன், தலைக்கட்டு வரி கூடக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கமிட்டி கொடுத்தது உள்ளே வர அனுமதி. பாட்டு கமிட்டியுடையது இல்லை. வில்லின் முன்னால் வீசுகோலோடு உட்கார்ந்து பாடிய அண்ணாவி, பின்பாட்டுக்காரர், குடம் அடித்தவர், உடுக்கைக்காரர் எல்லோருக்கும் சட்டப்படி 'நிகழ்த்துநர் உரிமை' என்று ஒன்று உண்டு, 50 வருடத்துக்கு. அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யவோ வெளியிடவோ கூடாது. அண்ணாவி "சரி தம்பி, எடுத்துக்கோ" என்று வாயால் சொன்னது நல்லதுதான். அதை இப்போது ஒரு தாளில் எழுதி, குழுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முன்தேதி போடாதீர்கள், இன்றைய தேதியைப் போட்டு, "2023 ஆடிக் கொடையில் நாங்கள் பாடியதைப் பதிவு செய்யவும் இணையத்தில் வெளியிடவும் அப்போதே வாய்மொழியாகச் சம்மதித்தோம், இப்போது உறுதி செய்கிறோம்" என்று எழுதினால் போதும். வருமானத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று அதே தாளில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, தம்பி. அவர்கள் குரலில்தான் உங்கள் சேனல் ஓடுகிறது.

அண்ணாவியிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். முன்பு எப்போதாவது கேசட்டுக்கோ சிடிக்கோ பாடிக் கொடுத்திருக்கிறாரா? ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அப்படியே கொடுத்திருந்தாலும், அன்றைக்கு ஸ்டுடியோவில் பதிவானது மட்டும்தான் அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவு. தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவரும் அம்மன் கதையை வேறொரு பந்தலில் மறுபடி பாடக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. அந்தக் கதை யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அண்ணாவி சொந்தமாகக் கட்டிய வரிகள் இருந்தால் அவை அவருடைய படைப்பு. அதை எழுதிக் கொடுத்திருந்தால்கூட, எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஐந்து வருடம்தான் என்கிறது 19ஆவது பிரிவு. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லவே செல்லாது. கேசட் காலத்தில் டீக்கடையில் வைத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சாக முடித்ததெல்லாம் இந்தப் பிரிவுக்கு முன்னால் நிற்காது.

இனி டிஸ்பியூட், அதாவது கிளைமை மறுத்து எழுதுவது. சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் அந்த வில்லுப்பாட்டுக் கிளைமை மட்டும் தேர்ந்தெடுத்து, சொந்தப் படைப்பு என்ற காரணத்தைக் காட்டுங்கள். விளக்கத்தை நீட்டி முழக்க வேண்டாம், அழ வேண்டாம். ஐந்து விஷயம் போதும்: நான் இன்ன தேதியில், இன்ன இடத்தில் நேரடியாகப் பதிவு செய்தேன், குழுவின் சம்மதம் உண்டு, என் வீடியோ ஏறிய தேதி இது, உங்கள் ஆல்பம் வந்த தேதி இது, உங்கள் ஆல்பத்தில் இத்தனையாவது நிமிடத்தில் கேட்கும் வண்டி அறிவிப்பு என் வீடியோவில் இத்தனையாவது நிமிடத்தில், அறிவிப்பவர் முகத்தோடு இருக்கிறது. நிமிடம், நொடியோடு எழுதுங்கள். தெரிந்த இங்கிலீஷில் எளிமையாக எழுதினால் போதும்.

எதிராளிக்கு 30 நாள் டைம். அவர் பதில் சொல்லாமல் விட்டால் கிளைம் தானாக விழுந்துவிடும். "இல்லை, எங்களுடையதுதான்" என்றால் நீங்கள் அப்பீல் போகலாம். அதற்கு அவருக்கு 7 நாள். அப்பீலையும் மறுக்க வேண்டும் என்றால் அவர் முறைப்படி வீடியோவை நீக்கச் சொல்லி எழுதித் தர வேண்டும். அப்போதுதான் ஸ்ட்ரைக் வரும். அதற்கும் எதிர்-அறிவிப்பு என்று ஒரு வழி இருக்கிறது. அதைக் கொடுத்தால், அமெரிக்கச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் கோர்ட்டுக்குப் போனதற்கு அவர் ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீடியோ திரும்பி வரும். ஆனால் எதிர்-அறிவிப்பில் உங்கள் உண்மையான பெயரும் முகவரியும் எதிராளிக்குப் போகும், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் படி வந்தால் தனியாகச் செய்யாதீர்கள், ஒரு வக்கீலோடு உட்கார்ந்து செய்யுங்கள். அதுவரை போகும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கூட்டியை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வர யாருக்கும் தைரியம் இருக்காது.

ஒரு வருத்தமான விஷயமும் உண்டு. கிளைம் வந்த 5 நாட்களுக்குள் டிஸ்பியூட் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யூடியூப் தனியாக எடுத்து வைத்திருக்கும், ஜெயிப்பவருக்குப் போகும். 12 நாள் ஆகிவிட்டது. இனி டிஸ்பியூட் போடும் நாளிலிருந்துதான் எடுத்து வைக்கும். எனவே இதைப் படித்து முடித்ததும் போடுங்கள், வெள்ளிக்கிழமை நல்ல நேரம் என்று காத்திருக்க வேண்டாம்.

யூடியூபே வெளியிட்ட கணக்கு ஒன்று சொல்கிறேன். 2021இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் 72 கோடிக்கும் மேல் கிளைம்கள். அநேகமாக எல்லாமே மெஷின் தானாகப் போட்டவை. டிஸ்பியூட் செய்யப்பட்டவை சுமார் 37 லட்சம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அப்படிச் செய்யப்பட்டதில் 60 சதவீதம் வீடியோ போட்டவர் பக்கமே முடிந்தது. அதற்காக எல்லாக் கிளைமையும் டிஸ்பியூட் செய்தால் அதே சதவீதம் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கையில் விஷயம் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் டிஸ்பியூட்டுக்கே போகிறார்கள். வீம்புக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் சேனலுக்குத்தான் கேடு.

ரேடியோ செட் பாட்டு: இதில் சண்டை வேண்டாம்

இந்த இரண்டு நிமிடம் நாற்பது நொடிக்கு நீங்கள் மூன்று நியாயம் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுமே நம் பக்கத்தில் எல்லோரும் நம்புவதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கோயில் கொடையில் யாரும் பாட்டுப் போடலாம், காப்பிரைட் கிடையாது என்பது முதலாவது. பாதி சரி. உண்மையான மதச் சடங்கில் பாட்டை ஒலிக்கவிடுவது மீறல் ஆகாது என்று 52ஆவது பிரிவில் இருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் அது உண்டு. ஆனால் அந்த விலக்கு பந்தலோடு முடிந்துவிடும். பந்தலில் ஒலித்த பாட்டைப் பதிவு செய்து, உலகம் முழுக்கத் தெரிய விளம்பரத்தோடு ஓட்டுவது வேறு செயல். ரேடியோ செட்காரர் லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் அது ஒலிபரப்ப மட்டும்தான், உங்கள் வீடியோவுக்கு இல்லை.

இரண்டாவது, "நான் பாட்டை எடுக்கவில்லை, அதுவா பின்னால் ஓடியது." உங்கள் மனசாட்சிக்கு இது சரி. எனக்கும் சரி. ஆனால் தற்செயலாக உள்ளே வருவதற்கு நம் சட்டம் வெளிப்படையாகத் தரும் விலக்கு ஓவியம், சிலை மாதிரியான கலைப்படைப்புகளுக்குத்தான், இசைக்குத் தரவில்லை. அற்பமான அளவு பயன்பாட்டைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை என்று டில்லி உயர் நீதிமன்றம் 2012இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலு நொடி என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கிறதே, தம்பி. பத்து நொடி வரை பரவாயில்லை, முப்பது நொடி வரை பரவாயில்லை என்று ஊரில் சொல்லும் அளவெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது.

மூன்றாவது, வீடியோவுக்குக் கீழே "பாட்டின் உரிமை உரியவர்களுக்கே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்களே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அடுத்த வீட்டு மாங்காயைப் பறித்துவிட்டு, "மரம் அவர்களுடையதுதான்" என்று சொன்ன மாதிரி.

அதனால் இங்கே விட்டுக்கொடுங்கள். ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் நீக்கிப் பார்க்கலாம், அல்லது அந்த நேரம் மட்டும் சத்தத்தை அடக்கலாம். வீடியோவின் முகவரியும் வியூஸும் கமென்ட்டும் அப்படியே இருக்கும், கிளைம் போய்விடும், துபாய்க்காரர்களுக்கும் வீடியோ திரும்பத் தெரியும். பாட்டை மட்டும் நீக்கும் வசதியை நம்பி இருக்காதீர்கள். என் தங்கை மகள் கல்யாண வீடியோவில் அதை முயன்று பார்த்து, கடைசியில் தாலி கட்டும்போது கெட்டிமேளமே இல்லாமல் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அது இடைவேளைதானே, வெட்டிவிடுவதே சுத்தம்.

இனிமேல் படம் பிடிக்கும்போது ரேடியோ செட் ஓடத் தொடங்கினால் கேமராவை நிறுத்துங்கள், அல்லது அந்த நேரத்தில் அண்ணாவியிடம் பேட்டி எடுக்க ஓரமாகக் கூட்டிப் போங்கள். பழைய பாட்டு என்றால் பரவாயில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம். ஆனால் பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் காலமாகி 60 வருடம் வரை. இரண்டும் தாண்டிய பாட்டைக் கொடைப் பந்தலில் நான் கேட்டதில்லை.

நாயனத்தில் வந்த மெட்டு

இது ஒலிப்பதிவுக்கான கிளைம் இல்லை, மெட்டுக்கானது. வாசித்தவர் உங்கள் ஊர் நாயனக்காரர் என்பது உண்மை. மெட்டு சினிமாவுடையது என்பதும் உண்மை. அதனால் டிஸ்பியூட் செய்தால் தோற்பீர்கள். அந்த நாலு நிமிடத்துக்காக நையாண்டி மேளத்தை வெட்டித் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. கரகாட்டக்காரர் சுழலும் இடமும் அதுதானே. ஸ்டுடியோவில் அந்தக் கிளைமைத் திறந்து என்ன கட்டுப்பாடு என்று பாருங்கள். வருமானம் மட்டும்தான் பிரச்சினை என்றால், அந்தப் பகுதியைத் தனி வீடியோவாகப் போட்டு வருமானத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, வில்லுப்பாட்டு இருக்கும் வீடியோவிலிருந்து அதை எடுத்துவிடலாம். இதைச் செய்யாவிட்டால், வில்லுப்பாட்டில் ஜெயித்த பிறகும் இந்தக் கிளைம் காரணமாக வருமானம் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

போனில் பேசியவர்

அவர் கம்பெனியின் ஆள்தானா என்பதே எனக்குச் சந்தேகம். கன்டென்ட் ஐடி கிளைம் யார் போட்டார்கள் என்பது உங்கள் ஸ்டுடியோவில் இருக்கிறது. பணத்தை யூபிஐயில் ஒரு தனிமனிதர் கணக்குக்குக் கேட்பது வேறு கதை. இனி போனில் பேசாதீர்கள். "எதுவாக இருந்தாலும் கம்பெனி மெயிலிலிருந்து, அந்த ஒலிப்பதிவு உங்களுடையது என்பதற்கான ஆதாரத்தோடு எழுதுங்கள்" என்று ஒரே ஒரு மெசேஜ் போட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்த மெசேஜையும் கால் விவரங்களையும் அழிக்க வேண்டாம். மறுபடி பணம் கேட்டு மிரட்டினால் மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள். பயம் காட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 308ஆவது பிரிவில் வருகிறது. தப்பித் தவறிப் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

உண்மையிலேயே கம்பெனிதான் மிரட்டுகிறது, ஆனால் கோர்ட்டுக்கும் போவதில்லை என்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு உங்களுக்காகவே இருக்கிற மாதிரி. ஆதாரமில்லாமல் வழக்கு வரும் என்று மிரட்டுகிறவர் மேல் நீங்களே வழக்குப் போட்டு, நான் மீறவில்லை என்று அறிவிக்கச் சொல்லலாம், தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனால் செலவைப் பாருங்கள்: மாதம் எட்டாயிரம் வரும் சேனலுக்காக இரண்டு வருடம் பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு அலைவதா என்று நீங்கள் கேட்டால், முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும் என்றுதான் சொல்வேன். குழுவில் பின்பாட்டுப் பாடும் அக்கா ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் குரலும்தான் களவு போயிருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவர் பெயரில் மனுக் கொடுக்கலாம்.

அவர்களை நாறடிக்கும் வீடியோ வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்கிறேன். உங்கள் சத்தத்தை உருவியது அந்தக் கம்பெனிதானா, அல்லது யாரோ ஒரு இடைத்தரகர் பென்டிரைவில் கொண்டுபோய் "எங்க குழு பாடினது" என்று விற்றாரா, நமக்குத் தெரியாது. இப்போது பெயர் சொல்லித் திருடன் என்றால், நல்ல வழக்கை வைத்துக்கொண்டு அவதூறு வழக்கில் மாட்டுவீர்கள்.

எதை முதலில் செய்வது

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 2023 மெமரி கார்டைத் தேடுங்கள். கடையில் ஏதாவது டப்பாவில் கிடக்கும். அதில் வேறெதையும் பதிய வேண்டாம், ஃபார்மேட் செய்யவே வேண்டாம். கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைல்தான் மூல ஆதாரம். நாளைக்குக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின் கீழ் சான்றிதழ் கொடுத்து அதைத்தான் தாக்கல் செய்வோம். ஆல்பப் பக்கத்தின் வெளியீட்டுத் தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், ஸ்கூட்டி அறிவிப்பு வரும் இடத்தை ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்யுங்கள். நீங்கள் டிஸ்பியூட் போட்டதும் அவர்கள் அந்த ஆல்பத்தை இறக்கிவிட வாய்ப்பு உண்டு, அதனால் இது முதலில். அப்புறம் வில்லுப்பாட்டு டிஸ்பியூட். அது போன பிறகு ரேடியோ செட் பாட்டை வெட்டுவது. வெட்டுவதற்கு முன் முழு வீடியோவையும் ஒரு காப்பி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்று எழுதியிருந்தீர்கள். அண்ணாவி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள், சம்மதத் தாளோடு. அவரிடம் பழைய கேசட் ஒப்பந்தம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆனால் டிஸ்பியூட்டை ஞாயிறு வரை தள்ளிப் போடாதீர்கள், இன்று ராத்திரியே போட்டுவிடுங்கள்.